பத்தடிச் சாலைக்குக் கீழே

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் பொறுமை இல்லை. நேற்று டவுனில் பார்த்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். உன் அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மருந்தடிக்கும் பம்பைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பம்புக்கு வாஷர் வாங்கத்தான் போனேன். பக்கத்திலேயே புதிதாக ஒரு ஒயின் கடை. ஐம்பது வயது வரை திராட்சை வளர்த்து ஒயின் போட்டே பிழைத்தவள் நான், ஆனால் ஒரு ஒயின் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தரகர் வருவார், பெட்டி பெட்டியாக எடுத்துப் போவார், அதோடு நம் உறவு முடிந்தது. சரி, நம் பாட்டில் அங்கே எப்படித்தான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று நுழைந்தேன்.

கண்ணாடி அலமாரிக்குள், தனி விளக்கு போட்டு, நம் எதிர்த்தோட்டத்து மேட்டுக்காரரின் பாட்டில் நிற்கிறது. விலை தொண்ணூற்றிரண்டு. நம்முடையதைத் தேடினேன், தேடினேன், காணோம். கடைசியில் வாசலோரம் தரையில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தது. விலை ஒன்பது. பெட்டியின் மேல் யாரோ மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: சமையலுக்கும் உகந்தது.

கடையில் இருந்த பெண்ணுக்கு நான் யாரென்று தெரியாது. ஏன் இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன்.

"அது அந்தப் பிரதேசத்துச் சரக்குங்க. இது வெளியூர்."

வெளியூராம். மேட்டுக்காரர் தும்மினால் நம் வீட்டு நாய் குரைக்கும். நடுவில் இருப்பது பத்தடிச் சாலை. ஒரே சரிவு, ஒரே வெயில், ஒரே பனி. அவர் தோட்டம் பூச்சி விழுந்து அழிந்தபோது அப்பா நம் கொடியிலிருந்து குச்சி வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொடுத்துத்தான் அது மறுபடி எழுந்தது. எந்தத் தோட்டத்து ஒயினுக்கு இந்தப் பிரதேசப் பெயர் என்று எல்லை போட்டவர்கள் வரைபடத்தில் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறதே என்று சாலை மேலேயே கோட்டை இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மேலே இருப்பவர் பாட்டிலில் அந்தப் பெயரைப் போடலாம். கீழே இருக்கிற நாங்கள் போட்டால் ஜெயில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பதினாலு ஏக்கரையும் எல்லைக்குள் சேர்க்கச் சொல்லி அந்த எல்லை போடுகிற வாரியத்துக்கு மனு போட்டோமே, அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அக்டோபரில் ஐந்து பேர் உட்கார்ந்து ருசி பார்ப்பார்களாம். மூன்று வருஷமாகத் திராட்சை வெட்டுக் கூலிக்குக்கூட ஒயின் விலை கட்டவில்லை. மேட்டுக்காரர் நிலத்தைக் கேட்கிறார். நவம்பர் முப்பது வரை பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பெயர் கிடைத்தால் தோட்டம் நமக்கு, இல்லாவிட்டால் கையெழுத்து.

நீ பதினோரு வருஷமாக நகரத்துப் பெரிய ஒயின் கடையில் ருசி பார்த்து விலை வைக்கிறவன். எனக்கு ஒன்றே ஒன்று சொல். நம் ஒயின் உண்மையிலேயே அவருடையதில் பத்தில் ஒரு பங்குதானா? ஆறுதல் எல்லாம் வேண்டாம், உள்ளதைச் சொல். வாரியத்தில் யார் உட்காருவார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்டதில் பொதுவான பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பாட்டில், கார்க், பீப்பாய், ஆள் கூலி என்று எல்லாம் கூட்டினால் மேட்டுக்காரருக்கும் உங்களுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் வராது. அவர்கள் ஏக்கருக்கு இவ்வளவுதான் விளைவிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது, அதனால் சற்று அதிகம் ஆகலாம். மிச்சமெல்லாம் பெயருக்கான விலைதான். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ருசி என்ன என்று முதலில் கேட்பதில்லை. பாட்டிலைத் திருப்பி எந்த இடம் என்று பார்க்கிறார்கள், பிறகுதான் வாய்க்கு என்ன தோன்ற வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

போன மாதம் ஒரு கூத்து நடந்தது. கவுன்ட்டரில் இருக்கும் பெண் இரண்டு அலமாரித் தட்டுகளின் விலைச் சீட்டையும் பெயர்ச் சீட்டையும் மாற்றிச் செருகிவிட்டார். நாள் முழுக்க யாரும் கவனிக்கவில்லை. சாதாரண ஒயினை ஏழு மடங்கு விலையில் வாங்கிப்போன ஒருவர், பிரமாதம் என்று சொல்லி மறுநாள் வந்து ஒரு டஜன் கேட்டார். உசத்தியான ஒயினை மலிவு விலையில் பார்த்தவர்கள், இது கெட்டுப்போனதா என்று விசாரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள். எல்லை சின்னதாக இருப்பதால்தான் விலை பெரிதாக இருக்கிறது. அது நீண்டால் பாட்டில் பெருகும், விலை இறங்கும். அதனால் உள்ளே இருப்பவர் யாரும் கோடு நகர வேண்டும் என்று நினைக்கமாட்டார். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கணக்குதான்.

உன் ஒயினைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. வாரியத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே. முடிவு வரும் வரை நாம் கடிதம் எழுதிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. கடைக்குப் போன் செய்ய வேண்டாம். இந்தப் பக்கம் வந்தாலும் கடைக்குள் வர வேண்டாம். காரணம் இப்போது கேட்காதே.

அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு,

முடிவு வந்துவிட்டது, இனி எழுதலாம் அல்லவா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கூடப் பிறந்தவளிடம் "பொதுவான பகுதிக்கு மட்டும் பதில்" எழுதுகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதுவும் ஒரே ஒரு ஓட்டில்.

தபால்காரர் கொடுத்த உறையை வாசலிலேயே நின்று பிரித்தேன். உன் அத்தான் வந்து என் கையிலிருந்து காகிதத்தை உருவி எடுக்க வேண்டியிருந்தது. அவர் படித்தார், மடித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அந்த மனுஷன் முகம் அப்படி வெளுத்து இருபத்தைந்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

ஐந்து பேர் எழுதிய சீட்டுகளையும் தட்டச்சு செய்து, பெயர் இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று கிளாஸ் வைப்பார்களாம். இரண்டு மேல்பக்கத்து ஒயின், ஒன்று நம்முடையது. எது எது என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கேள்வி இதுதான்: மூன்றும் ஒரே பிரதேசத்தவையாகத் தோன்றுகின்றனவா, இல்லையென்றால் எது வேறு, ஏன்? இரண்டு பேர், ஒரு வித்தியாசமும் இல்லை, மூன்றும் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கட்டும். மூன்று பேர் வித்தியாசம் உண்டு என்று எழுதிவிட்டார்கள். மூன்று பேர் சொன்னால் மனு போச்சு.

அதில் இரண்டு பேர் "லேசாக", "சந்தேகமாக" என்று பட்டும் படாமலும் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் இருக்கிறானே, அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "இரண்டாவது கிளாஸ் இந்தப் பிரதேசத்தைச் சேர்ந்ததல்ல. ஐயமே இல்லை. ஈரச் சாக்கு வாடை, கரடுமுரடு. இதைச் சேர்த்தால் பெயர் கெடும்."

பெயர் கெடுமாம். எங்கள் பதினாலு ஏக்கர் சேர்ந்தால் அவனுக்குப் பெயர் கெட்டுவிடுமாம். வயிறு எரிகிறது தம்பி. அவன் நாக்கு அழுகட்டும் என்று எழுதினேன், அத்தான் அடிக்கச் சொன்னார், அடித்தேன், மறுபடி எழுதுகிறேன். அவன் நாக்கு அழுகட்டும். நாற்பது வருஷம் அப்பாவும் நானும் குனிந்து நிமிர்ந்த இடத்தை ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு மூன்று வரியில் முடித்துவிட்டான்.

முப்பதாம் தேதி மேட்டுக்காரர் பத்திரம் கொண்டு வருவார். அப்பா நட்ட கொடிகளை நீ ஒரு தடவை வந்து பார்ப்பதாக இருந்தால் அதற்குள் வா. அந்த ஐந்தாவது ஆள் யாரென்று உனக்குத் தெரிந்தால் சொல். ஒன்றும் செய்யமாட்டேன். முகத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

அக்கா


நவம்பர் 10

அக்கா,

அந்த ஐந்தாவது ஆள் நான்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை, ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்தபோது, முதலாளி ஆறு கிளாஸ் வைத்துப் பரீட்சை பார்த்தார். ஆறையும் சரியாகச் சொன்னேன். அப்படியும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரோட்டுக்கு மேலயா, கீழயா?" என்றார். மேலே என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். அந்த நிமிஷமே வேலை கிடைத்தது, கேட்டதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நம்ம ஆள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்" என்றுதான் அவர் என்னை அறிமுகம் செய்வார். கடைச் சுவரில் என் படம் இருக்கிறது. அடியில் அந்தப் பிரதேசத்தின் பெயர் இருக்கிறது. அதனால்தான் உன்னைக் கடைப்பக்கம் வர வேண்டாம் என்றேன்.

வாரியத்தின் ஐந்து பேரில் ஒருவர் அந்தப் பிரதேசத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று விதி. முதலாளி என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடமே சொன்னார். உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அதே வாரம். இது என் அக்காவின் மனு, நான் உட்காரக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அக்கா எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

போய் உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை, ஆளுக்கொரு தடுப்பு. நேர்மையாக எழுதிவிட்டு வருவோம் என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. முதல் கிளாஸ் நன்றாக இருந்தது. இரண்டாவதை மூக்கருகில் கொண்டுபோனேன். தூக்கிவாரிப் போட்டது. நம் வீடு, அக்கா. அப்பா ஒயினைப் புளிக்கவைத்த சிமென்ட் தொட்டி, அதன் மேல் போடுகிற ஈரச் சாக்கு, அந்த வாடை. மறுபடி மறுபடி மோந்து பார்த்தேன். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டதை எல்லோரும் தெரிந்துகொண்டுவிட்டார்கள் என்று பட்டது. நல்லது என்று எழுதினால், பின்னால் உண்மை வெளியே வரும்போது அக்காவுக்காக எழுதினான் என்பார்கள். அந்தப் பயத்தில் பேனா தானாக ஓடியது. எவ்வளவு கடுமையாக எழுதினால் என்னைச் சந்தேகப்பட மாட்டார்களோ அவ்வளவு கடுமையாக எழுதினேன். "ஐயமே இல்லை" என்று எழுதியது நான். "பெயர் கெடும்" என்று எழுதியதும் நான்தான். மூன்றாவது கிளாஸுக்கு, இந்த மண்ணின் மிகச் சிறந்த முகம் என்று போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கே கண்ணாடி பார்க்க முடியவில்லை.

தம்பி


நவம்பர் 13

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஏதோ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார். கடிதத்தை நீட்டினேன். படித்து முடித்துவிட்டு வெளியே போனவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் கடைசி வரிசைக் கொடிக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறார்.

உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. விரோதி செய்தால் விரோதி என்று விட்டுவிடலாம். நான் தோளில் தூக்கி வளர்த்தவன், என் தட்டிலிருந்து பிடுங்கித் தின்றவன், ஒரு அந்நியன் எட்டிப் பார்த்தான் என்பதற்காக எங்கள் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு வந்திருக்கிறாய். சாலைக்குக் கீழே பிறந்ததைச் சொல்ல உனக்கு அவ்வளவு கேவலமாகவா இருந்தது? அப்பா உயிரோடு இருந்தபோதும் நீ மேலே பிறந்தவன்தானா?

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று பேனாவை மூடிவிட்டேன். பிறகு திறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நீ எழுதியதில் ஒன்று இடிக்கிறது.

அப்பாவின் சிமென்ட் தொட்டி இப்போது இங்கே இல்லை. அதை ஆறு வருஷத்துக்கு முன்னால் விற்றுவிட்டோம். ஸ்டீல் தொட்டி போட்டாயிற்று, சாக்கும் கிடையாது, சல்லடை மூடிதான். நீ அப்பா காரியத்துக்கு வந்து ஒரே நாளில் கிளம்பியதோடு சரி, உனக்கு எப்படித் தெரியும்? அப்படியிருக்க நீ மோந்தது எதை?

நாளைக்கு வாரியத்துக்குப் போகிறேன். பத்து நாளுக்குள் மனுதாரர் நேரில் வந்து கேட்டால் எந்த கிளாஸில் என்ன இருந்தது என்ற உறையைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று அந்தக் காகிதத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

அக்கா


நவம்பர் 17

தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

வாரியத்து அலுவலகத்தில் எழுத்தர் ஒரு பெண். அரக்கு வைத்த உறையை என் கண் முன்னால் பிரித்தார். முதல் கிளாஸ் மேல்பக்கத்து வேறு ஒரு தோட்டம். இரண்டாவது கிளாஸ் மேட்டுக்காரர். மூன்றாவது கிளாஸ் நாங்கள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிக்கூடப் பார்த்தேன். எழுத்தர் விரலை வைத்துக் காட்டினார். இரண்டாவது, மேட்டுக்காரர். ஈரச் சாக்கு வாடை, கரடுமுரடு, பெயர் கெடும், எல்லாம் அந்தத் தொண்ணூற்றிரண்டு விலை பாட்டில். "இந்த மண்ணின் மிகச் சிறந்த முகம்" என்று நீ எழுதினாயே, அது அட்டைப்பெட்டியில் கிடக்கிற ஒன்பது விலை பாட்டில், சமையலுக்கும் உகந்தது.

தொட்டியை யார் வாங்கினார் தெரியுமா? மேட்டுக்காரர்தான், மூடுகிற சாக்கோடு சேர்த்து. பழைய சிமென்ட் தொட்டிக்கு இப்போது மவுசாம், லேபிளிலேயே அச்சடிக்கிறாராம். நீ கண்டுபிடித்தது சரிதான் தம்பி. அப்பாவின் தொட்டியைக் கண்டுபிடித்துவிட்டாய், உள்ளே இருந்த ஒயினைத்தான் கண்டுபிடிக்கவில்லை. எங்களை மூன்றாவது கிளாஸில் குடித்துவிட்டு, யாரோ பெரிய மனுஷன் வீட்டுச் சரக்கு என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறாய். நீ எங்களைக் காட்டிக்கொடுத்தாய் என்று மூன்று நாள் அழுதேன். அதைவிட இதுதான் வலிக்கிறது. ஆறு வருஷமாக நான் போடுகிற ஒயினின் ருசி உனக்குத் தெரியாது. ஒரு பாட்டில் அனுப்பு அக்கா என்று நீ கேட்டதில்லை, நானும் அனுப்பியதில்லை.

இன்னும் கேள். வித்தியாசம் உண்டு என்று எழுதிய மற்ற இரண்டு பேரும் இரண்டாவது கிளாஸைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆக, மூன்று பேருமே மேட்டுக்காரரைத்தான் வெளியே தள்ளியிருக்கிறார்கள். அப்படியென்றால் எங்கள் மனுவை ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டேன். எழுத்தர் விதிப் புத்தகத்தை எடுத்தார்.

"மூணு பேருக்கு வித்தியாசம் தெரிஞ்சா தள்ளுபடி. எந்தப் பக்கம் வித்தியாசம்னு விதியில கேக்கலைம்மா."

புத்தகத்தை வாங்கி அந்த வரியை நானே இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாவம், அவருக்கும் சங்கடம்தான்.

கிளம்பும்போது அவர் இன்னொரு விதியையும் சொன்னார். ருசி பார்த்தவர்களில் ஒருவர், தனக்கும் மனுதாரருக்கும் உறவு உண்டு என்று எழுதித் தன் சீட்டைத் திரும்பப் பெற்றால், மிச்சம் நாலு சீட்டுதான் செல்லும். இரண்டுக்கு இரண்டு என்றால் மனு ஜெயிக்கும். இருபத்தெட்டாம் தேதிக்குள் எழுத வேண்டும். இதை அவர் பொதுவாகத்தான் சொன்னார். நான் யார் பெயரையும் அங்கே சொல்லவில்லை.

இதை உன்னிடம் நான் கேட்கமாட்டேன். கேட்டு நீ செய்தால் அதுவும் யாரோ எட்டிப் பார்த்ததற்காகச் செய்ததாகத்தான் இருக்கும். பின்னால் எனக்குத் தெரியாதே என்று நீ சொல்லக்கூடாது, அதற்காக எழுதினேன்.

அக்கா


நவம்பர் 24

அக்கா,

நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறந்த இடம் சாலைக்குக் கீழே, மனுதாரர் என் உடன்பிறந்த அக்கா, இரண்டையும் மறைத்தது என் தவறு என்று மூன்று வரி. உன் கடிதம் வந்து நாலு நாள் ஆன பிறகுதான் எழுதினேன். அந்த நாலு நாள் எதற்கு என்று என்னைக் கேட்காதே. யோசிக்கவில்லை, பயந்துகொண்டிருந்தேன்.

வாரியத்துக்குப் போகும் முன் முதலாளியிடம் சொன்னேன். பொய் சொன்னாயே என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. "அப்போ பதினோரு வருஷமா நீ வச்ச விலையெல்லாம்?" என்றார்.

"ஒண்ணுகூடத் தப்பா போகலையே முதலாளி," என்றேன்.

"தப்பா சரியான்னு யாரு கேட்டா? இனிமே யாரைக் காட்டி நான் அந்த விலையைச் சொல்றது?"

அவரே போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார். ஆணி பிடுங்க வரவில்லை, ஸ்டூலில் நின்றுகொண்டு என்னைத்தான் குறடு எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். நேற்றுக் காலை வரை இந்த நகரத்திலேயே உசத்தியான நாக்கு என்னுடையது, மத்தியானம் அதே நாக்கை வேறு இரண்டு கடையில் சும்மா தந்தால்கூட வேண்டாம் என்கிறார்கள். விஷயம் அவ்வளவு வேகமாகப் பரவிவிட்டது. தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

வழியில் ஒரு கடையில் உங்கள் பாட்டில் கிடைத்தது. ஒன்பது கொடுத்து வாங்கி, அறைக்கு வந்து டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். மூன்றாவது கிளாஸேதான். நன்றாக இருக்கிறது அக்கா. மிகவும் நன்றாக இருக்கிறது. இதை ஆகஸ்டிலேயே நீ கேட்டாய்.

தம்பி


டிசம்பர் 9

தம்பிக்கு,

மனு ஜெயித்துவிட்டது. முப்பதாம் தேதி மேட்டுக்காரர் பத்திரத்தோடு வந்தார், அத்தான் வாரியத்துக் கடிதத்தை நீட்டினார். மனுஷன் படித்துவிட்டு, பத்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

நாலாம் தேதி தரகர் வந்தார். அக்டோபரில் பாதித் தொட்டி ஒயினைப் பாட்டிலுக்கு ஐந்து என்று அடித்துப் பேசி எடுத்துப் போனவர். மிச்சப் பாதிக்கு இப்போது நாற்பது தருகிறேன் என்கிறார். அதே தொட்டி, அதே குழாய், அதே ஒயின், ஒரு அங்குலம் நகரவில்லை. ருசி பார்க்கிறீர்களா என்று கேட்டேன், எதுக்கும்மா என்கிறார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பணமெல்லாம் எங்கே இருந்தது என்று அத்தானிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் எழுத வந்தது இதையல்ல. வேறு ஒன்று நடந்துவிட்டது. அதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

எல்லைக் கோடு இப்போது நம் கீழ்வேலி மேல் ஓடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு தனியாளாகப் பாடுபடுகிறாரே ஓடைக்காரம்மா, அவர் முந்தாநாள் காலையில் வந்தார். போன வருஷம் நம் பிழியும் இயந்திரம் உடைந்தபோது தன்னுடையதைக் கேட்காமலே தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தவர். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கும் ஒரு மனு எழுதித் தர்றியாம்மா? உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு கம்பிதானே," என்றார்.

நான் யோசிக்கவே இல்லை தம்பி. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"உங்க மண்ணு வேற மாதிரிங்க. கீழ போகப் போக ஈரம் ஜாஸ்தி. அதுல இந்த ருசி வராது."

சொன்னது என் வாய்தான். என் குரல்தான். அத்தான் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஓடைக்காரம்மா கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அப்படியா, எனக்குத் தெரியலையே," என்று சொல்லி, பாட்டிலை மறுபடி அந்தச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் ஒயினை நான் ஒரு சொட்டுகூடக் குடித்துப் பார்க்கவில்லை. நாற்பது என்கிற எண் மட்டும்தான் அந்த நேரம் என் தலைக்குள் இருந்தது.

மூன்று நாள். பெயர் வந்து முழுசாகப் பத்து நாள்கூட ஆகவில்லை, விலை வந்து மூன்றே நாள். எனக்குள் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியாது. உன் முதலாளி கேட்டபோது உன் வாயில் "மேலே" என்று எப்படி வந்தது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பு, அது எனக்கே வேண்டும்.

அந்தம்மாவிடம் போய், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மனுவும் எழுத வேண்டும். நேற்று இரண்டு தடவை கீழ்வேலி வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அத்தான் கூட வருகிறேன் என்றார், அவர் வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அடுத்த வண்டிக்குக் கிளம்பி வா. நாம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லுவோம்.

அக்கா